32 பேர், 13 பேர் சைவம், ஒரே ஒரு கரி அடுப்பு: ஜூலை 4 மெனு

கேள்வி, ஜூன் 7

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு கவுண்டி (மாவட்ட) பூங்காவில், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று கொட்டகை பதிவு செய்திருக்கிறோம். பெரியவர்கள் 20, பிள்ளைகள் 12. அதில் சைவம் 13 பேர்: பெரியவர்கள் 8, பிள்ளைகள் 5. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களும் உண்டு. நான் போட்ட மெனு: கோழி லெக் பீஸ், ஆட்டுக்கறி சாப்ஸ், கீமா பர்கர், ஹாட் டாக், இறால், பனீர் டிக்கா, காளான், சோளம், வெஜ் பர்கர், சிக்கன் பிரியாணி, வெஜ் பிரியாணி, உருளைக்கிழங்கு சாலட், பாஸ்தா சாலட், கேசரி. எல்லாருக்கும் பேலன்ஸாக இருக்கிறதா? எதையாவது விட்டுவிட்டேனா?

ஜூன் 7, இரவு

விட்டது ஒன்றுமில்லை. விட வேண்டியதுதான் நிறைய இருக்கிறது.

உங்கள் பதினான்கில் ஒன்பது நெருப்புக்குப் போகிறது. பூங்காவில் இரும்புத் தூணில் நட்டு வைத்திருக்கும் அந்தக் கரி அடுப்பைப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். பத்துப் பன்னிரண்டு துண்டு வைத்தால் நிறைந்துவிடும். எலும்போடு இருக்கும் லெக் பீஸ் உள்ளே வேக முக்கால் மணி நேரம் வரை பிடிக்கும். அது அங்கே உட்கார்ந்திருக்கும்வரை பனீருக்கு இடமில்லை, சோளத்துக்கும் இடமில்லை. கடைசியில் சைவக்காரர்கள் மூன்று மணி வரை சிப்ஸ் கொறித்துக்கொண்டிருப்பார்கள்.

கறி எத்தனை வகை, காய் எத்தனை வகை என்று நீங்கள் பேலன்ஸ் பார்க்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்த விருந்துகள் கவிழ்வது அதில் இல்லை. யாருக்கு எத்தனை மணிக்குச் சோறு கிடைக்கிறது என்பதில்தான்.

நெருப்பில் இரண்டே ஐட்டம்: கோழி ஒன்று, பனீர் ஒன்று. மீதி எல்லாம் வீட்டில் செய்து, ஐஸ் போட்ட கூலர் பெட்டியில் சில்லென்று வரட்டும்.

ஜூன் 8

நேற்று சொல்லாமல் விட்டது. ஊரிலிருந்து வந்த பெரியவர்கள். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுகிறவர்களிடம் "இதோ கரி பற்றிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதுவும் சர்க்கரை மாத்திரை என்றால் விளையாட்டே இல்லை. அவர்கள் "பரவாயில்லப்பா, எங்களுக்குப் பசியே இல்லை" என்றுதான் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

அதனால் மெனுவை எழுதும்போது முதல் அரை மணி நேரத்திலிருந்து எழுதுங்கள். வண்டியிலிருந்து இறக்கியதும், அடுப்பில் தீக்குச்சி கிழிப்பதற்கு முன்பே, மேசைக்கு வரவேண்டியது என்ன? என் பட்டியல்: தேங்காய், மாங்காய் போட்ட கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்த கோசம்பரி, நீர்மோர், வெட்டிய தர்பூசணி. நான்கும் சைவம், எல்லாருக்கும் ஆகும், பல் இல்லாதவருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. சுண்டலும் பருப்பும் இருப்பதால், பனீர் பிடிக்காத சைவப் பிள்ளைக்கும் வெறும் மாவுச்சத்தோடு நாள் ஓடாது.

ஜூன் 8, மாலை

"பிரியாணி இல்லாமல் என்ன விருந்து" என்று அதற்குள் ஒருவர். சரி, பேசுவோம்.

பன், அரிசி, உருளைக்கிழங்கு, பாஸ்தா. உங்கள் முதல் பட்டியலில் இந்த நான்கும் இருந்தன. அமெரிக்க விவசாயத் துறை 2011-இல் கொண்டுவந்த தட்டுப் படத்தில் பாதித் தட்டு காயும் பழமும். மீதிப் பாதியைத் தானியமும் புரதமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஆட்களின் பூங்காத் தட்டில் பிரியாணி முக்கால் தட்டு, அதன் மேல் ஒரு பன். காய் என்றால் பர்கருக்குள் இருக்கும் வெங்காய வளையம்.

இன்னொன்று. பிரியாணி இருக்கிற மேசையில் கிரில் செய்ததை யாரும் மதிக்க மாட்டார்கள். காலையிலிருந்து புகையில் நின்றவர் சுட்ட கோழி, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாகிவிடும். பிரியாணி வேண்டுமென்றால் பிரியாணி விருந்தே வையுங்கள், கரி எதற்கு?

ஜூன் 10

அரிசிக்கு என் ஓட்டு தயிர்சாதமும் புளியோதரையும். வெயிலுக்குத் தயிர்சாதத்தை மிஞ்சியது இல்லை என்பது ஒரு காரணம். காரமாகச் சுட்ட கோழிக்குப் பக்கத்தில் அது உட்காரும் அழகு இன்னொரு காரணம். உருளைக்கிழங்கு சாலட் செய்யும் வேலையை அது இன்னும் நன்றாகச் செய்கிறது.

பழைய ரயில் பயண வழிதான்: சாதத்தைக் குழையப் பிசைந்து, ஆறியதும் பாலை நிறைய ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பது. போகும் வழியிலேயே பால் தயிராகி, சாப்பிடும்போது புளிக்காமல் இருக்கும். இங்கே அதில் ஒரு மாற்றம் செய்கிறேன். காலையில் கலந்து, தாளித்து, இரண்டு மணி நேரம் வீட்டில் வெளியே வைத்து லேசாக உறைந்ததும் ஃபிரிட்ஜ், அங்கிருந்து நேராகக் கூலர். மாதுளை முத்தும் பச்சைத் திராட்சையும் மேசையில் வைக்கும்போதுதான். முன்பே போட்டால் தண்ணீர் விட்டு நிறம் மாறும்.

புளியோதரை தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் "சாதம்தானே, கறியா கெட்டுப்போக" என்ற பேச்சு வேண்டாம். வெந்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. அது விடும் நஞ்சில் ஒரு வகை, திரும்பச் சூடு செய்தாலும் போகாது. வடித்த சோற்றைக் குண்டானிலேயே விடாமல் அகலத் தட்டில் பரப்பி ஆறவிடுவது உதிரியாக வருவதற்கு மட்டுமில்லை.

வெளியே வைத்த உணவுக்கு இங்கே சொல்லும் விதி: இரண்டு மணி நேரம். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம். நியூ ஜெர்சி ஜூலையில் 90 சர்வ சாதாரணம். ஆகவே ஒரே பெரிய பாத்திரம் வேண்டாம். மூன்று நான்கு சின்ன டப்பாக்களாக எடுத்து வந்து, ஒன்று காலியானதும் அடுத்ததைக் கூலரிலிருந்து எடுங்கள்.

ஜூன் 10, சற்று நேரம் கழித்து

கூலர் என்றதும் ஞாபகம் வந்தது. குடிக்கிற பாட்டில்களுக்கு ஒரு கூலர், சாப்பாட்டுக்கு வேறு கூலர். பிள்ளைகள் ஜூஸுக்காக ஐந்து நிமிடத்துக்கொரு தடவை மூடியைத் திறப்பார்கள். பச்சைக் கோழிக்கு மூன்றாவது கூலர், இல்லாவிட்டால் இரண்டு ஜிப் பைக்குள் போட்டு, சாப்பாட்டுக் கூலரில் எல்லாவற்றுக்கும் அடியில். கோழிச்சாறு சொட்டினால் கீழே ஐஸ்தான் இருக்க வேண்டும், கோசம்பரி இருக்கக் கூடாது. அந்த ஐஸை எடுத்து யாரும் மோரில் போட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12

கோழி. லெக் பீஸ் பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் இத்தனை பேருக்கு, ஒரு சின்ன அடுப்பில், எலும்பில்லாத தொடைக்கறிதான் சரி. சூடான கரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். நெஞ்சுக்கறி வேண்டாம், ஒரு நிமிடம் அசந்தால் சக்கை.

கெட்டித்தயிர், இஞ்சி பூண்டு, காஷ்மீரி மிளகாய்த்தூள், தனியா, மஞ்சள், மிளகு, கடுகெண்ணெயோ நல்லெண்ணெயோ, உப்பு. முந்தின இரவே ஃபிரிட்ஜில் ஊறட்டும். பப்பாளிக்காய் அரைத்துப் போடுவேன் என்கிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போடுங்கள். இரவு முழுக்க ஊறினால் கறி கூழாகி, கம்பியில் நிற்காது. ஊறவைத்த மசாலாவில் மிச்சத்தை வெந்த கறிமேல் தடவுவதும் கூடாது. தடவ வேண்டும் என்றால் கொஞ்சத்தைத் தனியாக முன்பே எடுத்து வையுங்கள்.

"வீட்டிலேயே பாதி வேகவைத்துக் கொண்டுபோனால் வேலை சுலபம்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். பாதி வெந்த கோழியைக் கூலரில் வைத்து மறுபடி நெருப்பில் போடுவது, பச்சைக் கோழியைக் கொண்டுபோவதைவிட ஆபத்து. அரைச்சூட்டில் கிருமிக்குக் கொண்டாட்டம். ஒன்று பச்சையாகக் கொண்டுபோங்கள், இல்லை முழுக்க வேகவைத்துக் குளிரவைத்துக் கொண்டுபோய் அங்கே சூடு காட்டுங்கள்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மிளகாய்த்தூள் போட்ட கோழியில் எல்லாமே சிவப்பு. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். தடித்த இடத்தில் குத்தி 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். தொடைக்கறி 175 வரை போனாலும் வறளாது, இன்னும் மெத்தென்றுதான் ஆகும். அதனால்தான் இவ்வளவு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு கேள்வி கேட்கும் இடத்தில் தொடைக்கறியே நல்லது.

ஜூன் 13

சைவ அடுப்பு பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

ஒரே கம்பி வலையில் கோழி சுட்ட இடத்திலேயே பனீரையும் சுட்டுக் கொடுத்தால், சில வீட்டுப் பெரியவர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். தட்டில் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அதைப் பேரப்பிள்ளையிடம் தள்ளிவிடுவார்கள். ஃபாயில் விரித்து அதன் மேல் வைப்பது ஒரு சமாதானம். ஆனால் ஃபாயிலில் பனீர் வேகுமே தவிரச் சுடாது, அந்தக் கருகல் வாசனை வராது.

சின்னக் கரி அடுப்பு ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள், விலை பெரிதில்லை. சொந்த அடுப்பு கொண்டுவரலாமா என்று பூங்கா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அடுப்பு சைவத்துக்கு மட்டும். தனி இடுக்கி, தனிப் பிரஷ், முடிந்தால் தனி ஆள். இடுக்கியின் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றினால் குழப்பம் வராது. தீயை முதலில் அந்த அடுப்பில் மூட்டுங்கள். பனீர் ஐந்தாறு நிமிட வேலை. கோழி அடுப்பின் கரி சாம்பல் பூப்பதற்குள் சைவப் பந்தி பாதி முடிந்திருக்கும்.

பனீர் துண்டு ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். எடிசனில் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் உறைந்த கட்டியாக வாங்கினால் முதல் நாளே ஃபிரிட்ஜில் இறக்கி, வெட்டி, உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம். மெத்தென்று ஆகும், கம்பியில் குத்தும்போது பிளக்காது. மரக் குச்சி என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவேண்டும். குடைமிளகாய், வெங்காயம் இவற்றைப் பனீரோடு சேர்த்துக் குத்துவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். வேகும் நேரம் வேறு வேறு. பனீர் ஒரு குச்சி, காய் ஒரு குச்சி.

ஜூன் 13, மறுபடி

முக்கியமானதை விட்டு மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறேன். பனீர் 13 பேருக்கு என்று கணக்குப் போடாதீர்கள். கோழி சாப்பிடுகிறவர் பனீரும் சாப்பிடுவார், பனீர் சாப்பிடுகிறவர் கோழி சாப்பிடமாட்டார். வரிசையில் முன்னால் நிற்பவர் "ஒண்ணே ஒண்ணு டேஸ்ட் பார்க்கிறேன்" என்று இரண்டு குச்சி எடுப்பார். 32 பேருக்கும் வாங்குங்கள், முதல் சுற்றுச் சைவக்காரர்களுக்கு மட்டும் என்று கூசாமல் சொல்லுங்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

ஜூன் 16

கடையில் வாங்குவதில் எங்கெல்லாம் அசைவம் ஒளிந்திருக்கிறது என்று கேட்டிருந்தார் ஒருவர். இங்கே வந்து பல வருடம் ஆனவர்களுக்கே தெரியாதவை உண்டு.

மார்ஷ்மெல்லோ: ஜெலட்டின். மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு இவற்றிலிருந்து எடுப்பது. சாயங்காலம் பிள்ளைகள் குச்சியில் குத்திச் சுடுவது அதைத்தான். ஜெலட்டின் இல்லாத சைவ வகையும், ஹலால் வகையும் கிடைக்கின்றன, தேடி வாங்கவேண்டும். டப்பாவில் வரும் பேக்டு பீன்ஸ்: பலவற்றில் பன்றிக்கறி, 'வெஜிடேரியன்' என்று எழுதியதை எடுங்கள். வூஸ்டர்ஷைர் சாஸ், சீசர் டிரெஸிங்: நெத்திலி வகை மீன். வெஜ் பர்கர்: சிலவற்றில் முட்டை. ஹாட் டாக் மாடாக, பன்றியாக, கோழியாக, எல்லாம் கலந்ததாக இருக்கலாம், பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். மாடு சாப்பிடாதவரும் பன்றி சாப்பிடாதவரும் ஒரே கொட்டகையில் இருந்தால், ஹாட் டாக்கையே தூக்கிவிடுவது நிம்மதி.

ஜூன் 19

நெருப்பில் இரண்டே ஐட்டம் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். சோளத்துக்காகக் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தோகையோடு தண்ணீரில் ஊறவைத்து, கரியின் ஓரமாகப் போட்டால் கால் மணி, இருபது நிமிடத்தில் தானே வேகும். நடு இடத்தைப் பிடிக்காது. தோகையை உரித்து இரண்டு நிமிடம் நேர் நெருப்பில் காட்டி, எலுமிச்சை மூடியை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்தால் மெரினா. வெண்ணெய் கேட்கிற பிள்ளைகளுக்கு வெண்ணெய்.

ஆனால் ஒன்று, ஜெர்சி சோளம் உச்சத்துக்கு வருவது ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும். 4-ஆம் தேதி கிடைப்பது பெரும்பாலும் வெளி மாநிலத்துச் சரக்கு. பறித்த நேரத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் மூன்று நாள் முன்னால் வாங்கி அடுக்காதீர்கள்.

அந்த வாரத்துக்கு உள்ளூர்ச் சரக்கு என்றால் புளூபெர்ரி. தோட்டத்தில் பயிர்செய்த புளூபெர்ரி சந்தைக்கு வந்ததே இந்த மாநிலத்தில்தான். வைட்ஸ்பாக் என்ற ஊரில் எலிசபெத் வைட் என்ற அம்மையாரும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் காட்டுச் செடிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்து, 1916-இல் முதல் அறுவடையை விற்றார்கள். கேசரியைத் தூக்கிவிட்டு ஒரு பெட்டி புளூபெர்ரி வையுங்கள். பக்கத்தில் ஏலக்காய் போட்ட ஶ்ரீகண்ட் (வடிகட்டிய இனிப்புத் தயிர்), ஐஸ்மேல்.

ஜூன் 19, இரவு

கேசரியைத் தூக்கச் சொன்னதற்கு வசை வந்தாயிற்று. வைத்துக்கொள்ளுங்கள். நெய் உறைந்து கல்லாக இருக்கும், அல்லது வெயிலில் உருகி ஓடும், இரண்டில் எது என்று அன்று தெரியும்.

ஜூன் 24

கரி. திரவம் ஊற்றிப் பற்றவைக்கும் வகை வேண்டாம், பனீர் அந்த வாடையை அப்படியே இழுத்துக்கொள்ளும். சிம்னி என்று தகர உருளை விற்கிறார்கள்: மேலே கரி, கீழே இரண்டு தாள் செய்தித்தாள், ஒரு தீக்குச்சி. கால் மணி, இருபது நிமிடத்தில் மேல் கரியின் ஓரம் சாம்பல் பூக்கும். அப்போது கொட்டி, எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் இதம். கோழிக் கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் துண்டை இதமான பக்கம் நகர்த்தினால் போதும், தண்ணீர் தெளிக்க ஓட வேண்டாம். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள், கரிந்த கறி உடம்புக்கு ஆகாது.

தலையணை வடிவில் அச்சடித்த அந்தக் கரிக்கட்டியை நாடு முழுக்கப் பரப்பியவர் கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு. 1920-களில் மிச்சிகனில் கார்களுக்கு மரம் அறுத்தபோது மிஞ்சிய தூளையும் துண்டுகளையும் வீணாக்க மனமில்லாமல் கரியாக்கினார். பின்னால் அதுதான் கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் கடைக்கு வந்தது. மாடல் டி வண்டியின் மிச்சத்தில் நாம் பனீர் சுடுகிறோம்.

முடித்ததும் அந்தத் தணலை வீணாக்காதீர்கள். பெரிய கத்தரிக்காய் இரண்டைக் குத்திவிட்டுச் சைவ அடுப்பின் தணலில் நேராகப் புதையுங்கள். தோல் கரிந்து வெடித்து, காம்புப் பக்கம் நீர் கொப்பளிக்கும்போது எடுத்து, தோலுரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளித்தண்ணீர், உப்பு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், மிச்சத் தயிர்சாதத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அன்றைக்கு இதுதான் முதல் பரிசு வாங்கும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஜூன் 29

அளவு கேட்டீர்கள். அசைவம் 19 பேர்: பெரியவர்கள் 12, பிள்ளைகள் 7. பெரியவருக்கு அரை பவுண்டு, பிள்ளைக்குக் கால் பவுண்டு என்றால் ஏழே முக்கால், எட்டு பவுண்டு தொடைக்கறி வாங்குங்கள். பனீர் 400 கிராம் பாக்கெட் ஏழு. சைவக்காரருக்கு 120 கிராம், மற்றவருக்குப் பாதி என்ற கணக்கு அது. சோளம் 20 கதிர், பாதியாக ஒடித்து. இரண்டு சாதத்துக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோ அரிசி போதும், கூட வேண்டாம். கொண்டைக்கடலை ஒரு கிலோ. பெரிய தர்பூசணி ஒன்று. நீர்மோரைப் பாட்டில்களில் ஊற்றி, பாதியை உறையவைத்து எடுத்துப் போனால் அதுவே ஐஸ். பர்கரே வேண்டும் என்று அழும் பிள்ளைகளுக்காகப் பன் ஒரு பாக்கெட். உள்ளே கோழியோ பனீரோ வைத்துக் கொடுங்கள், கேட்டால் பர்கர் என்று சொல்லுங்கள்.

குப்பைப் பை நிறைய எடுத்துப் போங்கள். நியூ ஜெர்சி மாநிலப் பூங்காக்களில் கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பதுதான் முறை, கவுண்டி பூங்காவில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரி அணைந்துவிட்டது என்று நினைத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் போடவே போடாதீர்கள்.

ஜூலை 6

கேட்டவரின் பதில் வந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டார்களாம். பனீர் முழுக்கக் காலி. கோழி இரண்டு பவுண்டு மிச்சம். கடைசி நேரத்தில் யாரோ சொல்லாமல் கொண்டுவந்த பாஸ்தா சாலட் வந்தபடியே திரும்பிப் போனதாம். கேசரி உருகியது. கத்தரிக்காய் பற்றி ஒன்றும் எழுதவில்லை. செய்தார்களா இல்லையா, சொல்லுங்கள்.

ஜூலை 7

செய்யவில்லையாம். தணலில் பிள்ளைகள் மார்ஷ்மெல்லோ சுட்டார்கள் என்கிறார். சரி, சைவ மார்ஷ்மெல்லோ வாங்கியிருக்கிறாராம், அதற்காக மன்னிக்கிறேன்.

ஜூலை 9

செப்டம்பர் லேபர் டேக்கு மீன் சுடலாமா என்று இப்போதே கேட்கிறார். சுடலாம், அப்போது ஆட்கள் குறைவு என்பதால். வஞ்சிரத் துண்டு முக்கால் அங்குல கனம், மசாலா அரை மணி நேரம் போதும். எலுமிச்சையில் அதற்கு மேல் ஊறினால் மேல்பக்கம் வெந்ததுபோல் வெளுத்துவிடும். இரண்டு பக்கமும் மூடும் கம்பி வலைக்கூடை வாங்குங்கள், மீனைத் திருப்புவதற்குப் பதில் கூடையைத் திருப்பலாம். உள்ளே 145 காட்டினால் எடுத்துவிடுங்கள். கோழிக்கு முன்னால் மீன், ஏனென்றால் மீன் காத்திருக்காது. சைவ அடுப்பு வழக்கம்போல அதற்கும் முன்னால்.